பூட்டுப் போட்டால் சாலை மூடியதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

காட்டுக்குள் போகும் மண்சாலைகளை மூடலாமா, திறந்தே வைக்கலாமா என்ற வாதம் எழும்போதெல்லாம் இரு தரப்பும் வண்டியைப் பற்றியே பேசுகின்றன. யார் போகலாம், எப்போது போகலாம், கேட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலையில் வண்டியைவிட அதிகமாகப் போய்வருவது தண்ணீர். கேட்டைப் பூட்டினால் வண்டி நிற்கும். தண்ணீர் அடியில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய்ப் பாலங்களையும் ஓரவாய்க்கால்களையும் அப்படியே விட்டுவிட்டு, முகப்பில் மட்டும் பலகை வைத்துத் திரும்புவதற்குப் பெயர் கைவிடுதல். திறந்திருக்கும் சாலையிலாவது போகிற வழியில் யாராவது ஒருவர் அடைப்பைப் பார்த்து, இறங்கி மண்வெட்டியால் இழுத்துவிடுவார். பூட்டிய சாலையில் அந்த ஒருவரும் இல்லை.

காட்டுத் தரையில் விழும் மழை சருகிலும் மட்கிலும் ஊறி, வேர்த்தடங்கள் வழியே இறங்கி, சரிவின் உள்ளேயே மெதுவாக நகர்ந்து ஓடைக்குப் போகும். சாலை போட்டதும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. சக்கரம் அழுத்திக் கெட்டிப்பட்ட தரையில் மழை இறங்காது. மலைப்பக்கம் வெட்டிய சுவர், மண்ணுக்குள் நகர்ந்துகொண்டிருந்த நீரையும் குறுக்கே அறுத்து வெளியே கொட்டும். இரண்டும் ஓரவாய்க்காலில் சேர்ந்து, கலங்கலாக, நேரே ஓடைக்குப் போய் விழும். ஓடையின் அடியில் கூழாங்கல் இடுக்குகளில் இந்த நுண்மண் படிந்தால் அங்கே முட்டையிடும் மீனுக்கு இடமில்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரை மலைகளில் சாலைத் துண்டுகளிலிருந்து வரும் மண்ணைப் பிடித்து அளந்தபோது, மண் இழப்பு சாலைத் துண்டின் நீளத்துக்கு நேர் விகிதத்திலும் இறக்கத்தின் இருபடிக்கு ஏற்பவும் கூடுவது தெரிந்தது. தண்ணீர் வடியாமல் ஓடும் தூரம் இரண்டு மடங்கானால் போகிற மண்ணும் இரண்டு மடங்கு. இறக்கம் இரண்டு மடங்கானால் மண் நான்கு மடங்கு. இறக்கத்தைப் பிறகு மாற்றுவது கடினம். தூரத்தை நறுக்கலாம். மண்சாலைப் பராமரிப்பில் முக்கால்வாசி இந்த நறுக்கும் வேலைதான்.

முதலில் சாலையின் குறுக்குவாட்டு வடிவம். நடு உயர்ந்து இருபுறமும் சரியும் கேம்பர், பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் சரியும் வெளிச்சாய்வு, மலைப்பக்கம் சரிந்து ஓரவாய்க்காலில் விழும் உட்சாய்வு என்று மூன்று வகை உண்டு. எதுவானாலும் குறுக்குச் சரிவு 100-க்கு 3 முதல் 5 வரை, அதாவது 100 செ.மீ. அகலத்துக்கு 3 முதல் 5 செ.மீ. தாழ்வு, இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சக்கரத்தடம் லேசாகப் பதிந்ததுமே தண்ணீர் குறுக்கே போவதை விட்டுவிட்டு நெடுக்காக ஓடத் தொடங்கும். வண்டி குறைவாகப் போகும், இறக்கம் 100-க்கு 8 அல்லது 10-க்கு மேல் போகாத சாலைக்கு வெளிச்சாய்வே மலிவு. வாய்க்காலும் வேண்டாம், குழாயும் வேண்டாம். வழுக்கும் களிமண்ணிலும் செங்குத்தான இறக்கத்திலும் அதைப் போட்டால் வண்டி பள்ளத்தாக்குப் பக்கம் சறுக்கும், அங்கே உட்சாய்வு தவிர வழியில்லை.

வெளிச்சாய்வைக் கெடுப்பது பெரும்பாலும் பராமரிப்புக்கு வந்த கிரேடரேதான், அதாவது பிளேடால் சாலையைச் சீவி மட்டமாக்கும் இயந்திரம். பிளேடு தள்ளிய மண் வெளிவிளிம்பில் ஒரு சாண் உயர வரப்பாக நின்றுவிடும். பார்க்கப் பாதுகாப்பான விளிம்புபோல இருக்கும். ஆனால் அந்த வரப்பு உள்ளவரை ஒரு சொட்டும் வெளியே வடியாது. அத்தனை தண்ணீரும் சாலையிலேயே ஓடி, வரப்பு எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே மொத்தமாக உடைத்துக்கொண்டு இறங்கி, சாலையின் வெளிப்பக்கம் கொட்டி நிரப்பிய மண்ணைக் கீழ்வரை பிளந்துவிடும். வேலை முடிந்து வண்டி ஏறும் முன் வெளிவிளிம்பைக் காலால் தடவிப் பார்த்தால் போதும், வரப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கிரேடர் வேலைக்கு ஈரம் வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் சேறாக ஒட்டக் கூடாது. காய்ந்த சாலையில் பிளேடு ஓட்டினால் சரளையைப் பிடித்து வைத்திருக்கும் நுண்மண் தூசியாகப் பறந்துவிடும். மிச்சம் உதிரிச் சரளை. அடுத்த சில வாரங்களில் அது வரிவரியாக மேடுபள்ளம் கட்டிவிடும். அந்த வரிகளை மேலாகச் சீவிப் பள்ளத்தில் நிரப்புவதும் வீண். பள்ளத்தின் அடிமட்டத்துக்கும் கீழே வெட்டி, கிளறி, மறுபடி பரப்பி, ரோலர் விட்டால்தான் போகும். இல்லையென்றால் அதே இடத்தில் அதே வரி திரும்ப வரும். பிளேடு வேகம் மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டரைத் தாண்டினால் இயந்திரமே துள்ளத் தொடங்கி, புதிதாக வரி போட்டுவிட்டுப் போகும். மேற்பரப்புக்குப் போடும் சரளை உடைத்த கல்லாக, முனை உள்ளதாக இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் ஒன்றையொன்று பிடிக்காது. பெரிய கல் 2.5 செ.மீ. அளவில் நிற்கட்டும். நுண்மண் நூற்றுக்கு 8 முதல் 15 பங்கு, கொஞ்சம் களித்தன்மையோடு. தார்ச்சாலைக்கு அடியில் போடும் சுத்தமான ஜல்லியைக் கொண்டுவந்து காட்டுச் சாலையில் கொட்டி, "தரமான பொருள்" என்று பில் எழுதுவதைப் பார்க்கலாம். ஒட்டுமண் இல்லாத அந்த ஜல்லி சீக்கிரமே ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

ஓரவாய்க்காலைச் சுத்தம் செய்வது என்று ஒரு வேலை நடக்கிறது. புல்லும் செடியும் முளைத்த வாய்க்காலை ஆண்டுதோறும் சுரண்டி, செம்மண் பளிச்சென்று தெரியும்படி விட்டுப் போவார்கள். மேலே சொன்ன அதே ஆரிகன் அளவீட்டில், வாய்க்காலையும் வெட்டுச்சரிவையும் சுரண்டிய துண்டுகளிலிருந்து, செடியோடு விட்ட துண்டுகளைப்போல ஏறக்குறைய 7 மடங்கு மண் வந்தது. தண்ணீர் தேங்கிச் சாலைமேல் ஏறாதவரை வாய்க்காலின் புல் நமக்கு நண்பன். சரிந்த மண் அடைத்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும். எடுக்கும்போது வெட்டுச்சுவரின் அடியைத் தோண்டிவிடக் கூடாது; அடி போனால் மேலே உள்ளது உட்கார இடமில்லாமல் இறங்கும், அடுத்த மழைக்கு இன்னும் அதிக மண் வாய்க்காலில் கிடக்கும், அதை எடுக்க மறுபடி அடியைத் தோண்டுவார்கள்.

இனித் தூரத்தை நறுக்குவது. வண்டி ஓடும் சாலைக்கு ஏற்றது டிப்: சாலையே மெல்ல இறங்கி, சற்று எதிரேற்றம் ஏறி, பழைய இறக்கத்தில் சேரும் அகலமான தாழ்வு. மொத்த நீளம் 15 முதல் 60 மீட்டர் வரை; நீளம் குறைந்தால் நீள லாரியின் அடி தட்டும், ஓட்டுநர்களே மண்ணைப் போட்டு நிரவிவிடுவார்கள். இறக்கம் 100-க்கு 12-க்கு மேல் போனால் டிப் போட முடியாது. வண்டி அரிதாகப் போகும், அல்லது மூடப்போகும் சாலைக்குக் குறுக்கு வரப்பு. சாலையின் குறுக்கே சுமார் 30 பாகை சாய்வாக ஒரு பள்ளம் தோண்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டுக் கெட்டியாக்க வேண்டும். பள்ளத்தின் அடியிலிருந்து வரப்பின் தலை வரை 30 முதல் 60 செ.மீ. மேல்முனை மலைப்பக்கச் சுவருக்குள் குத்தி நிற்க வேண்டும், இல்லையேல் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும். கீழ்முனை திறந்திருக்க வேண்டும். பாதி வரப்புகள் தோற்பது இந்தக் கீழ்முனையில்தான்: பொக்லைன் கடைசி வாளியை அங்கே கொட்டிவிட்டுப் போய்விடும், வெளியேற வழியில்லாத தண்ணீர் அங்கேயே குளம் கட்டி வரப்பை உடைக்கும்.

இடைவெளிக்கு நடைமுறைக் கணக்கு இது. இறக்கம் 100-க்கு 2 என்றால் 75 மீட்டருக்கு ஒரு வரப்பு. 100-க்கு 5 என்றால் 40 மீட்டர், 10 என்றால் 25, 15 என்றால் 18, 20 என்றால் 14. இது சாதாரண மண்ணுக்கு. மணல் மண்ணிலும் வண்டல் மண்ணிலும் இதைவிட நெருக்க வேண்டும். எந்த இடைவெளியானாலும் ஓடையை நெருங்கும் முன் ஒரு வரப்போ டிப்போ கட்டாயம் இருக்க வேண்டும். அங்கே வெளியேறும் கலங்கல் நீர் சருகுத் தரையில் பரவி மண்ணை உதிர்த்துவிட்டு ஓடைக்குப் போகட்டும்.

குழாய்ப் பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காட்டுச் சாலை ஒரே இரவில் நாசமாவது பெரும்பாலும் இங்கேதான். குழாய் அடைபடுவதற்குப் பெரிய மரம் தேவையில்லை. குழாயின் விட்டத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு குச்சி மிதந்து வந்து வாயில் குறுக்காகத் தங்கும். அதன்மேல் சருகு அப்பும். சருகின்மேல் மணலும் பொடிக்கல்லும் படியும். கால்வாசி வாய் அடைந்ததும் நீரின் வேகம் குறைந்து, அதுவரை உருண்டு போய்க்கொண்டிருந்த கல்லெல்லாம் அங்கேயே தங்கிவிடும். மேலே தண்ணீர் ஏறும். சாலை மட்டம் வந்ததும் அதற்கு இரண்டு வழி: ஒன்று, சாலையைக் குறுக்கே தாண்டித் தன் ஓடையிலேயே விழுவது. அப்படி விழுந்தால் கொட்டிய மண் மட்டும் போகும். மற்றது, சாலை ஒருபக்கம் இறக்கமாக இருந்தால் அதன்வழியே ஓடத் தொடங்குவது. ஓடை முழுவதும் சாலையில் திரும்பி, நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடி, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சரிவில் இறங்கி, அங்கே புது ஓடையை வெட்டும். கொட்டிய மண் போனதைவிட இந்தச் சேதம் பலமடங்கு பெரிது. இதைத் தடுக்க ஆகும் செலவு மிகச் சொற்பம்: குழாயைச் சற்றுத் தாண்டி, சாலை இறங்கும் பக்கம், கொட்டிய மண் முடிந்து இயற்கைத் தரை தொடங்கும் இடத்தில் சாலையில் ஒரு டிப். குழாய் அடைபட்டாலும் தண்ணீர் அந்தத் தாழ்வில் இறங்கித் தன் ஓடைக்கே திரும்பும். ஒரு சாலையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் என்றால் அந்த டிப்புக்கே செலவிடலாம்.

குழாயின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. ஓரவாய்க்கால் நீரை மட்டும் குறுக்கே கடத்தும் குழாய்கூட 45 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்தால் அடைப்பு எடுக்க ஆள் நிறுத்த வேண்டிவரும். 60 செ.மீ. குழாயின் வாய்ப்பரப்பு 45-ஐப் போல 1.8 மடங்கு, விலை வித்தியாசம் அவ்வளவு இருக்காது, தோண்டும் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். ஓடைக்குப் போடும் குழாய்க்கு எந்த வெள்ளத்தைக் கணக்கில் எடுப்பது என்பதிலும் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. "25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்றால் 25 ஆண்டு தாங்கும் என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். எந்த ஆண்டிலும் அது வர 100-க்கு 4 வாய்ப்பு. 25 ஆண்டுகளில் ஒருமுறையாவது அதைத் தாண்ட 100-க்கு 64 வாய்ப்பு. 100 ஆண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்தால் அதே காலத்தில் அது 22 ஆகக் குறையும். இது வெறும் தண்ணீருக்கான கணக்கு. மிதந்து வரும் கட்டைக்குத் தனியாக இடம் விட வேண்டும்.

பதிக்கும்போது குழாயை ஓடையின் போக்கிலேயே, ஓடையின் அடிமட்டத்திலேயே பதிக்க வேண்டும். ஓரவாய்க்கால் குழாயானால் வாய்க்காலைவிட 100-க்கு 2 கூடுதல் சரிவோடு, கீழ்நோக்கி 30 பாகை வரை சாய்த்து. இருபுறமும் 15 செ.மீ. அடுக்காக மண் போட்டு, ஒரு பக்கம் ஒரு அடுக்கு, மறுபக்கம் ஒரு அடுக்கு என்று மாறிமாறித் திமிசு போட வேண்டும். ஒரே பக்கம் கொட்டி அழுத்தினால் குழாய் நகர்ந்துவிடும். உதிரி மணலையும் சாம்பல்போன்ற வண்டலையும் குழாயை ஒட்டிப் போட்டால் தண்ணீர் குழாய்க்குள் போகாமல் அதன் வெளிப்புறத்தை ஒட்டியே ஊறி ஓடி, மண்ணை உள்ளிருந்து தின்றுவிடும். மேலே சாலை நன்றாகவே தெரியும், ஒருநாள் லாரிச் சக்கரம் உள்ளே போகும். குழாயின் தலைக்கு மேல் போடும் மண், இரும்பு, பிளாஸ்டிக் குழாய்க்குக் குறைந்தது 30 செ.மீ., சிமென்ட் குழாய்க்கு 60. வால்பக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றால் விழும் நீர் கீழே குழிபறிக்கும். அங்கே கல் பாவ வேண்டும், உருண்டைக் கல்லாக இல்லாமல், ஒன்றோடொன்று கோத்து நிற்கும் முனையுள்ள கல்லாக. நாளைக்கு நாலு வண்டி போகும் சாலையில் குழாய்க்குப் பதில் தரைப்பாலம் போட முடியுமா என்று முதலிலேயே கேட்பது நல்லது. அடைபடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மழைக்காலத்தில் வண்டியை நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தை. வாஷிங்டன் மாநிலத்தின் கிளியர்வாட்டர் ஆற்றுப்படுகையில் நடந்து 1984-இல் வெளியான ஆய்வில், மரலாரிகள் மும்முரமாக ஓடும் சாலைத் துண்டிலிருந்து, கைவிட்ட சாலைத் துண்டைப்போல 130 மடங்கு மண் ஓடைக்குப் போவது தெரிந்தது. எனவே கேட் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஈரச் சாலையில் கனரக வண்டியை நிறுத்த அதைவிட நல்ல கருவி இல்லை. நாள்காட்டியைப் பார்த்துத் தேதி குறிப்பதைவிடத் தடத்தின் ஆழத்தைப் பார்த்து நிறுத்துவது மேல்: சக்கரத்தடம் 5 செ.மீ. பதிந்ததும் எச்சரிக்கை, 10 செ.மீ. ஆவதற்குள் நிறுத்தம். ஆனால் 130 மடங்கு குறைந்தது மேற்பரப்பு மண். குழாய் அடைபட்டுக் கரை உடைவது அந்தக் கணக்கில் வராது. அதற்கு வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆகவே சாலை மூடுவதற்கு வருவோம். சில ஆண்டு கழித்துத் தேவைப்படும் என்றால் ஒரு வேலை, இனித் தேவையே இல்லை என்றால் வேறு வேலை. திரும்பத் திறக்க வேண்டிய சாலையில் குழாய்களை எடுத்து, குறுக்கு வரப்பு வெட்டி, முகப்பை அடைத்தால் போதும்; சாலைப்படி, அதாவது மலைச்சரிவில் வெட்டிய சமதளம், அப்படியே இருக்கலாம். தீயணைக்க வழி வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: வெட்டிய படி இருக்கும்வரை ஒரு புல்டோசர் விரைவில் வழி திறந்துவிடும். எதுவானாலும் வேலை கடைக்கோடியிலிருந்து தொடங்கி முகப்பை நோக்கி வர வேண்டும். சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் அருகில் இருப்பதை முதலில் வெட்டிவிட்டு, பிறகு பொக்லைனை உள்ளே கொண்டுபோக வழியில்லாமல், கடைசி இரண்டு குழாயை "பின்னர் எடுக்கப்படும்" என்று எழுதிவிட்டு முடிக்கிற வேலைகள் உண்டு.

குழாயை எடுப்பது என்றால் குழாயை மட்டும் உருவுவது அல்ல. அதன்மேல் கொட்டிய மண் முழுவதையும் எடுப்பது. நடுவில் 4 மீட்டர் ஆழம், மேலே 12 மீட்டர் அகலம், ஓடைவாட்டில் சராசரி 8 மீட்டர் என்று வைத்தாலே 192 கன மீட்டர் மண். 6 கன மீட்டர் ஏற்றும் லாரியில் 32 நடை. மதிப்பீட்டில் இந்த எண் இல்லாவிட்டால் அந்த மதிப்பீட்டை நம்ப வேண்டாம். நீர் மிகக் குறைந்த மாதத்தில், மேலே மணல் மூட்டை அடுக்கி, ஓடை நீரைப் பம்பு வைத்தோ குழாய் போட்டோ வேலையிடத்தைச் சுற்றிக் கீழே விட்டுவிட்டுத் தோண்ட வேண்டும். எவ்வளவு ஆழம்? இதில்தான் அனுபவமுள்ள ஓட்டுநர் தனியாகத் தெரிவார். கொட்டிய மண் கலப்படமாக, பளிச்சென்ற நிறத்தில் வரும். அதன் அடியில் கறுத்த பழைய மேல்மண், நின்றபடியே புதைந்த அடிமரம், மட்கிய வேர், பிறகு நீர் உருட்டி அடுக்கிய கல். அந்தக் கல் வாளியில் வந்ததும் நிறுத்த வேண்டும். கண்ணுக்குச் சந்தேகமென்றால் மேலும் கீழும் 20, 30 மீட்டர் வரை ஓடையின் அடிமட்டத்தை மட்டப்பலகை வைத்து எடுத்து, இரண்டையும் ஒரு கோட்டில் சேர்த்தால் நடுவில் இருக்க வேண்டிய மட்டம் கிடைத்துவிடும்.

அரை மீட்டர் மண்ணை அடியில் விட்டுவிட்டு, மேலே அழகாகச் சரித்து, விதை தூவி, படமெடுத்துப் போவது மிகப் பொதுவான தவறு. முதல் வெள்ளத்தில் ஓடை அந்த அரை மீட்டரைத் தானே வெட்டி இறங்கும். அடி இறங்கியதும் இருகரைச் சரிவும் பின்னாலேயே இறங்கும். குழாய்க்கு மேற்பக்கம் பல ஆண்டுகளாகத் தேங்கிய சரளைத் திட்டையும் மறக்கக் கூடாது. அதை எடுக்காவிட்டால் ஓடை அதைப் படிபோல் வெட்டிக்கொண்டு மேல்நோக்கி ஏறும். அடியகலம் மேலும் கீழும் உள்ள இயற்கை ஓடையின் அகலம், அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். கரைச்சரிவு 2-க்கு 1, அதாவது 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் கிடை. இயற்கைக் கரை அதைவிடச் சரிவாக இருந்தால் அதன்படி.

எடுத்த மண்ணை எங்கே வைப்பது? சாலைப்படியிலேயே, வெட்டுச்சுவரை ஒட்டி, ஊற்று கசியாத இடத்தில். வெளிவிளிம்பில் வைக்கக் கூடாது. அந்த வெளிவிளிம்புக்கே தனியாக ஒரு பார்வை வேண்டும். சாலை போட்ட காலத்தில் வெட்டிய மரத்தையும் அடிக்கட்டையையும் தள்ளி, அதன்மேல் மண் கொட்டி அகலப்படுத்தியிருப்பார்கள். கட்டை பல ஆண்டு தாங்கும், பிறகு மட்கும். அப்போது சாலையின் வெளிப்பாதியில் பிறைபோல வளைந்த விரிசல் தெரியும், விளிம்பு ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும், அதில் வளர்ந்த மரங்கள் சாய்ந்திருக்கும். கீழே ஓடை இருந்தால் அந்த மண்ணைப் பொக்லைன் கை எட்டும்வரை இழுத்து உள்பக்கம் சேர்த்துவிட வேண்டும். எல்லா நீளத்துக்கும் இது தேவையில்லை. எங்கே விரிசலோ, எங்கே கீழே நீரோ, அங்கே.

இனித் தேவையில்லாத சாலையின் தரையைக் கிளறிவிட வேண்டும். ஜேசிபி வாளியின் பல்லால் ஒரு சாண் கீறிவிட்டு "உழுதாயிற்று" என்பார்கள். இறுகிய தரை அதற்குக் கீழும் இருக்கிறது. 45 முதல் 60 செ.மீ. ஆழம் போக வேண்டும். தரையை ஆழமாகக் கிளறும், பல்லில் இறக்கை வைத்த ரிப்பரோ கனமான உளிக்கலப்பையோ வேண்டும், மண் காய்ந்தும் காயாமலும் இருக்கும் பருவம் வேண்டும். ஈரத்தில் உழுதால் பல் போன தடம் பளபளவென்று சாந்து பூசியதுபோல் ஆகிவிடும், தண்ணீர் இறங்காது. உழுதபின்தான் குறுக்கு வரப்பு. முன்னால் வெட்டினால் உழவு அதை அழித்துவிடும், உழவுச்சால் ஒவ்வொன்றும் நெடுக்கு வாய்க்காலாகிவிடும். வெறும் உழவு ஓரிரு மழையில் மறுபடி அமுங்கும். வேலையில் ஒதுக்கிய மேல்மண், கிளை, சருகு எல்லாவற்றையும் மேலே பரப்பி மூடாக்குப் போட வேண்டும். வைக்கோலானால் ஹெக்டேருக்குச் சுமார் 4.5 டன், களைவிதை இல்லாததாக. விதை அந்தக் காட்டின் விதையாகவே இருக்கட்டும். சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று வெளிப்புல்லைத் தூவினால் அங்கே மரக்கன்று எழுவது கடினம்.

முகப்பு அடைப்பைக் கடைசியில் செய்ய வேண்டும். இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு கேட் போட்டு, இருபுறமும் சமதரை இருந்தால் மூன்றாம் நாளே சுற்றுவழி விழும். ஒருபக்கம் வெட்டுச்சுவரும் மறுபக்கம் பள்ளமும் உள்ள இடத்தைத் தேட வேண்டும், அதற்காக அடைப்பு 200 மீட்டர் உள்ளே போனாலும் சரி. ஒரு மீட்டருக்குக் குறையாத பாறைகளை மூன்றில் ஒரு பங்காவது மண்ணில் புதைத்து வைக்க வேண்டும். மேலே உருட்டி வைத்த கல்லைச் சங்கிலி போட்டு இழுத்துவிடுவார்கள். எதைவிடவும் நல்ல அடைப்பு, முதல் நூறு மீட்டரைப் பழைய சரிவாகவே மண்ணிட்டு மூடி, கிளை போட்டு மறைத்து, அங்கே ஒரு சாலை இருந்ததே தெரியாமல் செய்வது. நடந்து போக ஓர் ஒற்றையடிப் பாதை மட்டும் விடலாம்.

இவ்வளவும் செய்தால் பலன் உண்டா என்றால், கலிஃபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில் பார்க்கலாம். 1978-இல் பூங்கா விரிவானபோது மரம் வெட்டிய நிலங்களோடு பழைய லாரிச் சாலைகளும் சேர்ந்து வந்தன; அவற்றை இப்படி எடுக்கத் தொடங்கினார்கள். 1997-இல் 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அளவிலான புயல்மழை வந்தது. பணி முடிந்த துண்டுகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டில் அளக்கத்தக்க அரிப்பே இல்லை. கிலோமீட்டருக்கு மண் இழப்பு, கைவிட்டுக் கிடந்த சாலைகளில் போனதில் நான்கில் ஒரு பங்கு. ஓடை கடக்கும் இடங்களில் போன மண்ணிலும் அவற்றில் சிலவற்றுக்கே பெரும் பங்கு. ஆழம் குறைத்துத் தோண்டினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

"இத்தனை கிலோமீட்டர் காட்டுச் சாலை மூடப்பட்டது" என்ற அறிவிப்பு உங்கள் நாளிதழுக்கு வரும்போது செய்தியாளர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அந்தக் கிலோமீட்டரில் ஓடை கடக்கும் இடங்கள் எத்தனை, எத்தனையில் குழாய் எடுக்கப்பட்டது, எத்தனை கன மீட்டர் மண் வெளியே வந்தது, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது. முதல் பெருமழை விட்ட அடுத்த வாரம் ஒவ்வோர் இடத்துக்கும் நடந்து போய்ப் பார்க்கப்போவது யார், வரப்பின் கீழ்முனையில் தேங்கிய மண்ணை எடுக்க அவர் கையில் மண்வெட்டி இருக்குமா. விடையாக ஒரு கேட்டின் படம் மட்டும் வந்தால், அதை அப்படியே, "கேட் பூட்டப்பட்டது" என்ற தலைப்பில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வனச்சாலைப் பணியில் உள்ள ஒரு பொறியாளர்